மடுல்சீமை ஓடையில் ஐந்து பெண்கள்

பெண்ணொருத்தி வீட்டுப் படியைத் தாண்டினால் அவளிடம் முதலில் கேட்கப்படுவது "எங்கே போகிறாய்?" என்பது. அடுத்தது "எதற்குப் போகிறாய்?" என்பது. இரண்டுக்கும் நாம் எப்போதும் பதில் வைத்திருக்கிறோம். தண்ணீர் அள்ளப் போகிறேன், விறகு பொறுக்கப் போகிறேன், கொழுந்து பறிக்கப் போகிறேன், பிள்ளையைப் பாடசாலையில் விடப் போகிறேன், கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன். போர் நடந்த பகுதிகளில் வாழ்ந்த சகோதரிகளுக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளமானது. ஷெல் விழுந்தபோது நடந்தீர்கள். முகாமில் தண்ணீர் வரிசைக்கு நடந்தீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தைக் கையில் ஏந்தி அலுவலகம் அலுவலகமாக இன்னும் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பெண்களின் நடமாட்டச் சுதந்திரம் பற்றி எங்களுக்குப் பாடம் இருந்தது. வேலைக்குப் போகும் பெண், படிக்கப் போகும் பெண், வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகும் பெண் எல்லோரும் அந்தப் பாடத்தில் வந்தார்கள். சும்மா போகும் பெண் மட்டும் வரவில்லை. எந்தத் தேவையும் இல்லாமல், தன் மனம் விரும்பியது என்பதற்காக மட்டும் ஒரு பெண் ஒரு மலையில் ஏறலாமா? 2025 பெப்ரவரியில் நாங்கள் ஐந்து பெண்கள் அப்படி ஏறினோம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மடுல்சீமை என் சொந்த ஊர். பதுளையில் பஸ் ஏறி, பசறைக்கு வந்து, அங்கிருந்து மெட்டிகஹதென்னைப் பக்கமாக வளைந்து வளைந்து ஏறும் பாதையில் போனால் வரும். ஊவாவின் மலைகள் கிழக்கே சரியத் தொடங்கும் விளிம்பில் அது இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலையும் லயங்களும். மறுபக்கம் மானாப்புல் வெளியும், அது முடியும் இடத்தில் செங்குத்தான பாறையும். அந்தப் பாறை விளிம்பில் ஓரிடத்தைச் 'சின்ன உலக முடிவு' என்று பெயர் சொல்லி, இப்போது வெளியூர் இளைஞர்கள் கூடாரம் அடித்துத் தங்க வருகிறார்கள்.

எங்களுக்கு ஆடி ஆவணி வரண்ட காற்றின் காலம். தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்து மலைகளிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடும். எங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை கிழக்கில் இருந்து வருவது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயலை நனைக்கிற அதே மழைதான். பதுளைக்குக் கிழக்கேயுள்ள இந்த மலைநாட்டில் பிறக்கும் கல்லோயா, சேனாநாயக்க சமுத்திரத்தை நிரப்பி அம்பாறை மாவட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. பட்டிப்பளை ஆறு என்று கிழக்கில் உள்ள சகோதரிகள் அதை அறிவீர்கள். வடக்குப் பக்கம் இறங்கும் நீர் லொக்கல் ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. எங்கள் கானிலும் ஓடையிலும் ஓடுகிற தண்ணீர் உங்கள் வீட்டு வாசலுக்கும் வருகிறது என்று சிறு வயதில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என்னுடன் வந்த மூவரும் சமூகசேவைப் பயிற்சி ஒன்றில் பழக்கமானவர்கள். மூவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒருவர் செங்கலடியைச் சேர்ந்த அக்கா. செங்கலடியில் இருந்து புறப்படும் பெருந்தெரு மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு வருகிறது. போர்க்காலத்தில் அந்தத் தெருவில் கறுத்தப் பாலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. "நாங்க பிறந்ததில இருந்து அத பதுளை றோட்டு எண்டுதான் சொல்லுறம். பதுளைய இப்பதான் கா காணன்" என்று பஸ்ஸால் இறங்கியதும் அவர் சொன்னார். இரண்டாமவள் பிபிலையைச் சேர்ந்த சிங்களப் பெண். அவளுடைய அண்ணன் இராணுவத்துக்குப் போய்த் திரும்பி வராதவர். மூன்றாமவள் கிளிநொச்சித் தோழி. அவளுடைய தாய்வழிக் குடும்பம் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனது. "மடுல்சீமைப் பக்கம்" என்று மட்டும் அவளுடைய அம்மாவுக்கு நினைவிருக்கிறது. எந்தத் தோட்டம் என்று சொல்லத் தெரியாது.

எங்களுக்கு வழிகாட்ட என் பெரியம்மா வந்தார். அறுபது வயது. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் படங்கைக் கட்டி, கையில் கவ்வாத்துக் கத்தியுடன் வெறுங்காலில் வந்து நின்றார்.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "வேலவெட்டி இல்லாத வேலை. நாப்பது வருசமா நாங்க ஏறாத மலையா? ஒருத்தி வந்து பாக்கல. இப்ப சும்மா ஏறப் போறாளுகளாம்" என்று சொல்லிக்கொண்டே ரொட்டியும் கட்டச்சம்பலும் சுற்றித் தந்தார். வழியில் சந்தித்த கணக்குப்பிள்ளையும் "எதுக்கு?" என்றுதான் கேட்டார். "சும்மாதான் ஐயா" என்றேன். அவர் நம்பாமல் எங்கள் பைகளைப் பார்த்தார்.

தேயிலை மலை முடிகிற இடத்தில் அந்த ஓடை தொடங்குகிறது. மழைத் தண்ணீர் மலையை வெட்டி உண்டாக்கிய இடுக்கு அது. இரண்டு பக்கமும் பன்னமும் மானாப்புல்லும் தொங்க, நடுவே கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்க, அவற்றுக்கிடையே தண்ணீர் இறங்கி வரும். பெப்ரவரியில் மழை குறைந்துவிட்டாலும் மலை குடித்த நீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. மேலே போக வண்டிப்பாதை ஒன்றும் உண்டு. ஓடை வழியாகப் போகவேண்டும் என்று கேட்டது நான்தான். சிறு வயதில் அதற்குள் இறங்கக்கூடாது என்று எங்களைத் தடுத்து வைத்திருந்தார்கள்.

பெரியம்மா முதலில் எங்கள் கால்களைப் பார்த்தார். ரப்பர் செருப்போடு வந்த அக்காவுக்கு என் பழைய கன்வஸ் சப்பாத்தை மாற்றினோம். பிறகு எல்லோர் காலிலும் காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்க்கச் சொன்னார். அட்டை ஏறாமல் இருக்க அது. ஏறினாலும் பிய்த்து இழுக்கக்கூடாது, உப்புத் தொட்டு வைத்தால் தானாக விழும் என்று ஒரு சரை உப்பும் மடியில் கட்டியிருந்தார்.

ஈரப் பாறையில் ஏறுவது எப்படி என்று அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தது எந்த மலையேறும் கழகத்திலும் படித்ததல்ல. "கருப்பா பளபளன்னு இருக்க எடத்துல மிதிக்காத புள்ள, அது பாசி. சொரசொரன்னு இருக்க எடத்துல மிதி. கல்ல மிதிக்க முன்ன ஒருக்கா ஆட்டிப் பாரு. ரெண்டு காலும் ஒரு கையும் ஊனுன பொறகுதான் மத்தக் கைய எடுக்கணும். புல்லப் புடிக்காத, கைய அறுத்துப்புடும். புடிச்சா வேரோட அடியப் புடி." இன்னொன்றும் சொன்னார். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக்கூடாது. மேலே போகிறவர் காலில் பட்டு உருளும் கல் கீழே நிற்கிறவர் தலையில்தான் விழும். ஆகவே ஒருவர் ஏறி ஓரமாக நின்று குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் ஏறினோம்.

முதல் பகுதி விளையாட்டுப் போல இருந்தது. கையால் ஊன்றி, முழங்காலால் தவழ்ந்து, சேறு அப்பி, ஐந்து பெண்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஏறினோம். இவ்வளவு சத்தமாக நான் சிரித்து எத்தனை நாள் என்று செங்கலடி அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டார். பிபிலைத் தோழி "ஹெமின், ஹெமின்" என்று எல்லோரையும் மெதுவாக வரச் சொல்லிவிட்டு, தானே முதலில் சறுக்கித் தண்ணீரில் இருந்தாள்.

பாதி வழியில் பெரும் பாறையொன்று சரிந்து நின்று, அதன் கீழே ஒரு பொந்து இருந்தது. பெரியம்மா அங்கே நின்று, உள்ளே குனிந்து பார்த்தார்.

"எழுபத்தேழுல இங்கதான் இருந்தோம். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. பதினோரு பேரு, ரெண்டு ராத்திரி. கீழ லயத்துல நெருப்பு தெரியுது. தம்பி கைப்புள்ள. அழுதா கேட்டுரும்னு எங்கம்மா அவன் வாயில சேலைய வச்சுக்கிட்டே இருந்துச்சு."

என் அம்மாவுக்கு அந்த ஆண்டு எட்டு வயது. அம்மாவும் அந்தப் பொந்துக்குள் இருந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் அவர் இதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓடைக்குள் இறங்காதே என்று மட்டும் சொல்லி வளர்த்திருக்கிறார்.

கிளிநொச்சித் தோழி அந்தப் பொந்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். அவளுடைய அம்மம்மாவும் இப்படி ஏதோ ஒரு பாறைக்கடியில் இருந்துவிட்டுத்தான் வவுனியாவுக்கு லொறி ஏறியிருக்க வேண்டும். மலையகத்தில் அடிபட்டு, பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போய், அங்கும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மறுபடி மீள்குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வன்னியில் அவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். இங்கே திரும்பி வந்தால் 'வன்னி ஆட்கள்' என்கிறார்கள்.

அந்தப் பொந்துக்கு மேலே ஓடை ஒடுங்குகிறது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு அடி நடந்துதான் அடுத்த படிக்கல்லுக்குப் போகலாம். அங்கே அவள் நின்றுவிட்டாள். மலை அவளுக்குப் பயமில்லை. தண்ணீருக்குள் கால் வைப்பதுதான் கஷ்டம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தண்ணீருக்குள்ளால் வந்தவள் அவள். அப்போது வயது பதினெட்டு. அந்தத் தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று அவள் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

முகம் வெளிறி, மூச்சு வாங்கியது. செங்கலடி அக்கா கையை நீட்டினார். அவள் தன் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டாள். திரும்பிப் போவோம் என்றேன். தலையசைத்து மறுத்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. உளசமூகப் பயிற்சிகளில் எத்தனையோ படித்திருக்கிறோம். அந்த நேரத்தில் சரியானதைச் செய்தவர் பெரியம்மா. தண்ணீர் ஓரத்துக் கல்லில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மடியை அவிழ்த்து, வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். நாங்களும் அவரவர் நின்ற கல்லிலேயே உட்கார்ந்தோம். அரை மணி நேரம் இருக்கும்.

"நான் வரேல்ல எண்டு சொல்லேல்ல. மெதுவா வாறன் எண்டுதான் சொன்னனான்" என்றாள் கடைசியில். பிறகு, "ஒருத்தரும் கை பிடிக்க வேண்டாம். முன்னுக்குப் போய் நில்லுங்கோ, நான் பாக்கக்கூடிய மாதிரி. அது காணும்."

நாங்கள் முன்னால் போய் வரிசையாக நின்றோம். அவள் தண்ணீரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு கல்லைக் காலால் ஆட்டிப் பார்த்து, பெரியம்மா சொல்லித் தந்தபடியே. படிக்கல்லில் ஏறியதும் உட்கார்ந்து தன் கால்களைத் துடைத்தாள். ஓர் அட்டை ஒட்டியிருந்தது. உப்பைக் கேட்டு வாங்கித் தானே வைத்தாள்.

இந்தக் கதையைச் சொல்வதால் மலையேறினால் மனக்காயம் ஆறிவிடும் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அவள் இப்போதும் குளத்தில் இறங்குவதில்லை. அன்று அந்தப் பத்தடித் தண்ணீரைக் கடந்தாள். கடப்பதா வேண்டாமா, எப்போது, எப்படி என்பதை அவளே தீர்மானித்தாள். 2009இல் அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஓடையின் உச்சியில் வழுவழுப்பான பாறையொன்று சுவர் போல் நின்று, அதன் மேலால் தண்ணீர் வழிந்தது. இதில் ஏற முடியாது என்று பெரியம்மா சொன்னதும் ஒருவரும் மறு பேச்சுப் பேசவில்லை. பக்கவாட்டில் மானாப்புல்லுக்குள் அவர் கத்தியால் வழி எடுக்க, தவழ்ந்து வெளியேறினோம். மேலே காற்று முகத்தில் அடித்தது. கீழே தாழ்நிலம் நீல நிறமாக விரிந்து கிடந்தது. பிபிலைத் தோழி தன் ஊர்ப் பக்கத்தைக் கையால் காட்டினாள். அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், செங்கலடி. ரொட்டி நனைந்திருந்தது. ஒரு துண்டும் மிச்சம் இல்லாமல் சாப்பிட்டோம்.

வண்டிப்பாதையால் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அம்மா எங்களுக்குக் கைகால் கழுவச் சுடுதண்ணீர் வைத்திருந்தார். தோழிகள் குளிக்கப் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொந்து இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"உள்ள தண்ணி வருதா?"

"இல்லம்மா. காஞ்சுதான் இருந்துச்சு."

அம்மா தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. எங்கள் லயத்தில் இரண்டு நாட்களாக ஓடையின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மாலை மழை குறையாமல் கொட்டும்போதே அந்த இரைச்சல் சட்டென்று அடங்கியது. பெரியம்மாதான் அதை முதலில் கவனித்தார். மழை பெய்யும்போது ஓடைத் தண்ணீர் குறைந்தால் மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது என்று பொருள். அடைத்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வரும்போது மண்ணையும் கல்லையும் சேர்த்துக்கொண்டு வரும். அவர் காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டி, பிள்ளைகளையும் கிழவர்களையும் மேட்டில் இருந்த பாடசாலைக்கு ஏற்றினார். அன்றிரவு ஓடை உடைத்து வந்தது. லயத்துக் கடைசிக் காம்பராக்களின் பின்சுவர் வரைக்கும் சேறு. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பொந்து இப்போது மண்ணுக்கடியில் இருக்கிறது.

மலைச்சரிவில் வாழும் சகோதரிகளுக்காகப் பெரியம்மா சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். அரசின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினரும் இவற்றையே அறிகுறிகளாகச் சொல்கிறார்கள். தெளிந்த ஓடை திடீரென்று சேறாக வருதல், அல்லது திடீரென்று குறைதல். இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்புதல். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு. மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களைத் தேடாமல் வெளியேறவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஆபத்தான சரிவு என்று தெரிந்த பிறகும் போக வேறு காணி இல்லாமல் அங்கேயே இருக்க நேர்ந்தவர்கள் அவர்கள். இருநூறு ஆண்டுகளாக இந்த மலையில் உழைத்த மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு ஒரு துண்டுக் காணி வேண்டும் என்ற கோரிக்கையை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கவேண்டும்.

ஓடையின் சத்தத்தைப் பெரியம்மா அறிந்தது விறகுக்கும் கொழுந்துக்கும் ஒளிவதற்கும் ஏறிய கால்களால். அந்த அறிவுக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. ஆனால் அது அவருடையது. அன்று ஒரு நாள் அந்த அறிவை அவர் எவருக்கும் வேலை செய்யாமல், எங்கள் சந்தோசத்துக்காகவும் தன் சந்தோசத்துக்காகவும் பயன்படுத்தினார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊரில் மலை இல்லாமல் இருக்கலாம். குளக்கட்டு இருக்கும், கடற்கரை இருக்கும், வயல் வரம்பு இருக்கும், மீள்குடியேறிய காணிக்குப் பின்னால் ஒரு சிறு காடு இருக்கும். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்தானா என்று முதலில் கிராம சேவகரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தனியே போகாமல் நாலைந்து பேராகப் போங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஓடைக்குள் இறங்கவேண்டாம். உங்களில் மெதுவாக நடக்கிறவர் எவரோ அவருடைய வேகத்தில் நடங்கள். இடம் தெரிந்த மூத்த பெண் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

எதற்குப் போகிறீர்கள் என்று வழியில் யாராவது கேட்பார்கள். சும்மாதான் என்று சொல்லுங்கள்.